எட்டயபுரத்துப் பாக்கி

சில தேசத்தாருக்கு வருஷம் ஒரு தடவைதான் முடிகிறது. தமிழ் நாட்டில் வாழும் நமக்கோ அது பல தடவை முடிகிறது. டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவில் ஒரு முறை. மார்கழி மாதக் கடைசியில், பழம் பாயையும் உடைந்த முறத்தையும் வாசலில் போட்டுக் கொளுத்தும் போகிப் பண்டிகையன்று ஒரு முறை. மார்ச்சு 31-ஆம் தேதி சர்க்காருக்கும் வியாபாரிகளுக்கும் ஒரு முறை. பங்குனி போய்ச் சித்திரை பிறக்கும்போது பஞ்சாங்கத்தின்படி இன்னொரு முறை. இத்தனை தடவை வருஷம் முடிந்தும், நம்மில் எத்தனை பேர் கணக்கை ஒழுங்காகப் பார்த்து முடிக்கிறோம்?

பணக் கணக்கை நாம் சொல்லவில்லை. அதை மறந்து விடலாம் என்று நாம் நினைத்தாலும் கடைக்காரர் விடமாட்டார். பாங்கியிலிருந்து கடுதாசி வந்துவிடும். நாம் சொல்வது மனிதர்கள் கணக்கு. சென்ற பன்னிரண்டு மாதத்தில் யார் யார் நமக்குக் கை கொடுத்தார்கள், யாருடைய சோற்றை உண்டோம், யாருடைய தோளில் ஏறி நின்றுகொண்டு நாமே உயரமாக வளர்ந்து விட்டதாக நினைத்தோம் என்ற கணக்கு. அந்தப் பேரேட்டை நாம் பிரிப்பதே இல்லை. பிரித்தால், பற்று எழுதிய பக்கங்கள் நிறைந்திருக்கும், திருப்பிக் கொடுத்து வரவு வைத்த இடம் வெறுமையாக இருக்கும் என்ற பயந்தான் காரணமோ, என்னவோ!

சென்ற டிசம்பர் மாதக் கடைசி வாரத்தில் அந்தப் பேரேட்டைப் பிரிக்கும்படியான சந்தர்ப்பம் நமக்கு நேர்ந்தது. கரிசல் சீமையில், எட்டயபுரத்துக்கு அப்பால் ஒரு சிறு கிராமத்தில், நம்முடைய அத்தை ஒருத்தி இருக்கிறாள். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் ஐந்து வருஷ காலம் அவள் வீட்டில்தான் நாம் சோறு தின்றோம். "இந்த வருஷம் கட்டாயம் வந்து பார்க்கிறேன், அத்தை!" என்று மூன்று வருஷமாகச் சொல்லிக் கொண்டிருந்தோம். நாலாவது வருஷமும் அதையே சொல்ல வாய் கூசியது. ஆகவே, ஒரு நாள் காலையில் கோவில்பட்டியில் போய் ரயிலை விட்டு இறங்கினோம். இரண்டு பொட்டலம் கடலை மிட்டாய் வாங்கிக் கொண்டு - அந்த ஊருக்குப் போய்விட்டு அது இல்லாமல் திரும்புகிறவர்களை வீட்டில் சேர்ப்பதில்லை அல்லவா? - கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம்.

மழையை மறக்காத மண்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் சுமார் 15 கிலோ மீட்டர் தூரம். வழி நெடுகக் கரிசல் காடு. காடு என்றதும் புலியும் கரடியும் உலாவும் இடம் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. இந்தச் சீமையில் புஞ்சை நிலத்துக்குத்தான் காடு என்று பெயர். வருஷம் முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு இங்கே கிடையாது. வானத்தைப் பார்த்து விதைத்து, வானத்தைப் பார்த்துக் கொண்டே அறுக்கும் பூமி. சித்திரை, வைகாசியில் வந்து பார்த்தால், நிலம் பாளம் பாளமாக வெடித்து, "இதிலும் ஒரு புல் முளைக்குமா?" என்று தோன்றும். மார்கழியில் வந்தால் அதே நிலந்தானா என்று சந்தேகம் உண்டாகும். சோளமும் கம்பும் மக்காச்சோளமும் ஒரு பக்கம். உளுந்தும் பாசிப் பயறும் மற்றொரு பக்கம். நடுநடுவே பருத்தியும் மிளகாயும் கொத்தமல்லியும். கறுப்புத் துணியில் பச்சை நூலால் பின்னல் வேலை செய்தாற்போலக் கண்ணுக்கெட்டிய வரை பரந்து கிடந்தது.

நமக்குப் பக்கத்தில் ஒரு சம்சாரி உட்கார்ந்திருந்தார். கரிசல் சீமையில் விவசாயிக்குச் சம்சாரி என்று பெயர். நிலத்தையும் மாட்டையும் மழையையும் சேர்த்துக் கட்டிக் கொண்டு குடித்தனம் செய்கிறவருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? "மழை நின்று நாளாயிற்றே, பயிர் எப்படிப் பச்சென்று இருக்கிறது?" என்று அவரைக் கேட்டோம்.

"செவக்காட்டு மண்ணு இன்னைக்குப் பெஞ்ச மழையை நாளைக்கு மறந்துரும். கரிசல் அப்படி இல்லை. ஐப்பசியில குடிச்ச தண்ணியை மறக்காம வச்சிருந்து தை வரைக்கும் பயிருக்குக் கொடுக்கும்" என்றார் அவர்.

விஞ்ஞானிகள் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள். கரிசல் மண் மிக நுண்ணிய களித்துகள்களால் ஆனது. ஈரத்தை இறுகப் பிடித்து வைத்துக் கொண்டு, பயிரின் வேருக்கு மெல்ல மெல்ல விடும் சக்தி அதற்கு உண்டு. ஆனால் சம்சாரி சொன்னதுதான் நமது மனத்தில் நின்றது. மழை பெய்தபோது நன்றி சொல்ல மண்ணுக்கு வாய் இல்லை. அது வாங்கியதை மறக்காமல் வைத்திருந்து, வேறொன்றை வாழ வைக்கிறது.

இன்னொரு விஷயமும் அவர் சொன்னார். புரட்டாசி, ஐப்பசியில் முதல் மழை பெய்ததும், ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். இரண்டு நாள் பிந்தினால் ஒரு வருஷத்துச் சாப்பாடு போய்விடும். உழுவதற்கு மாடு வைத்திருந்த காலத்தில், ஒற்றை மாட்டுக்காரர் இருவர் ஜோடி சேர்ந்து கொள்வார்களாம். இன்றைக்கு உன் காடு, நாளைக்கு என் காடு என்று ஏற்பாடு. விதை இல்லாதவனுக்கு விதை இருக்கிறவன் கொடுப்பான். இப்போது டிராக்டர் வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்துக்கு ஆள் வேண்டுமென்றால் பக்கத்துக் காட்டுக்காரனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. வானம் பார்த்த பூமியில் ஒருவன் தனியாக வாழ முடியாது. இந்த உண்மையை மனத்தில் வைத்துக் கொண்டுதான் எட்டயபுரத்தில் இறங்கினோம்.

தம்பியைத் தேடி வந்த அண்ணன்

எட்டயபுரம் பெரிய பட்டணம் அல்ல. ஆனால் இந்தச் சிறிய ஊரில் மூன்று மகா புருஷர்களின் ஞாபகம் குடியிருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் இங்கேதான் அடங்கியிருக்கிறார். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835-ஆம் வருஷம் தீபாவளித் திருநாளில் இவ்வூரிலேயே காலமானார். பாரதியார் 1882-ஆம் வருஷம் டிசம்பர் 11-ஆம் தேதி இங்கே பிறந்தார்.

திருவாரூரில் பிறந்த தீக்ஷிதர் இந்தக் கரிசல் பூமிக்கு ஏன் வந்தார்? சொந்தத் தம்பியைத் தேடிக் கொண்டு வந்தார் என்பார்கள். தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். வரும் வழியில் நிலம் வறண்டு கிடப்பதைக் கண்டு மனம் இளகி, அமிருதவர்ஷிணி ராகத்தில் அவர் பாட, மழை கொட்டியது என்று கர்ண பரம்பரையாகச் சொல்கிறார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களும் ஒரு விஷயத்தை மறுக்க முடியாது. தம்பியின் பேரில் வைத்த பாசம் ஒருவரை இவ்வளவு தூரம் நடத்திக் கொண்டு வந்தது. அந்தப் பாசத்தினால் நமது சங்கீதமே பிழைத்தது.

எப்படி என்றால் சொல்கிறோம். பாலுஸ்வாமி தீக்ஷிதரின் பேரரும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீக்ஷிதர் எட்டயபுரத்திலேயே வளர்ந்து, குடும்பச் சொத்தாகிய கீர்த்தனைகளை எல்லாம் மனத்தில் வைத்திருந்தார். சென்னையில் உத்தியோகம் பார்த்த சின்னசாமி முதலியார் என்பவர், மதத்தால் கிறிஸ்தவர், நமது சங்கீதத்தை அச்சில் ஏற்றிக் காப்பாற்ற வேண்டும் என்று கைப்பொருளைச் செலவழித்துப் பாடுபட்டவர். கண் பார்வையும் மங்கிய காலத்தில் அவர் எட்டயபுரத்துக்கு வந்து, மன்னரிடமும் சுப்பராம தீக்ஷிதரிடமும் மன்றாடினார். அதன் பலனாக 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெரும் புத்தகம் எட்டயபுரத்திலேயே அச்சாகி வெளிவந்தது. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் இருநூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனைகள் ஸ்வரத்துடன் அதில் இருக்கின்றன. ஓர் அண்ணன், ஒரு தம்பி, ஒரு பேரன், ஒரு சிநேகிதர், கொடுக்க மனமுள்ள ஒரு மன்னர் - இந்த ஐவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் இன்று கச்சேரியில் நாம் கேட்டுத் தலையாட்டும் உருப்படிகளில் எத்தனை காற்றோடு போயிருக்குமோ!

பாரதியாரைச் சுமந்தவர்கள்

அங்கிருந்து பாரதியார் பிறந்த வீட்டுக்குப் போனோம். சர்க்கார் அதை நினைவில்லமாக வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் வரிசையாக வந்து படங்களைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பாரதியார் என்றால் தலைப்பாகை, முறுக்கு மீசை, நிமிர்ந்த பார்வை. யாருக்கும் தலை வணங்காமல் தனித்து நின்ற மனிதர். அது மெய்தான். ஆனால் நாம் திண்ணையில் உட்கார்ந்து, அவரைத் தனியாக நிற்கும்படி விடாமல் தாங்கிப் பிடித்தவர்கள் யார் யார் என்று விரலை மடக்கி எண்ணிப் பார்த்தோம். பத்து விரலும் போதவில்லை.

ஐந்து வயதில் தாய் லக்ஷ்மி அம்மாள் போய்விட்டாள். தந்தை சின்னசாமி ஐயர் இந்தக் கரிசல் பருத்தியை நம்பி ஆலை வைத்து, கைப்பொருளை இழந்து, 1898-இல் மனம் உடைந்து காலமானார். பதினாறு வயதுகூட நிறையாத பிள்ளை. அதற்கு முந்திய வருஷமே கல்யாணமும் ஆகிவிட்டது. அப்போது கை கொடுத்தவள் யார்? காசியில் இருந்த அத்தை குப்பம்மாள். அவளும் அவள் கணவர் கிருஷ்ண சிவனும் அழைத்துக் கொண்டுபோய்ச் சோறு போட்டுப் படிக்க வைத்தார்கள். தமிழ்க் கவிஞர் இந்தியக் கவிஞராக வளர்ந்ததற்கு அந்தக் காசி வாசமும் ஒரு காரணம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அத்தையின் பெயரை எழுதுகிறவர்கள் சிலர்தான்.

1907-இல் அவருடைய தேசியப் பாட்டுக்களை முதல் முதலில் சிறு புத்தகமாக அச்சிடச் செலவு செய்தவர் யார் தெரியுமா? அரசியலில் அவருக்கு நேர் எதிர்க் கட்சிக்காரரான வி. கிருஷ்ணசாமி ஐயர்! பாரதியார் திலகர் கட்சி; ஐயரோ மிதவாதிகளின் தலைவர். தம்முடைய பத்திரிகையில் மிதவாதிகளை வெளுத்து வாங்கிக் கொண்டிருந்தவர் பாரதியார். அப்படியிருந்தும், பாட்டைக் கேட்டதும் ஐயர் மனம் நெகிழ்ந்து, மூன்று பாட்டுக்களை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். எதிரியின் நல்ல காரியத்துக்குப் பணம் கொடுக்கும் மனம் எத்தனை பேருக்கு வரும்?

1908-இல் பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். அங்கே கழிந்த பத்து வருஷத்தில் அவரைக் காத்தவர்கள் பலர். மண்டயம் ஸ்ரீனிவாஸாச்சாரியார் குடும்பம் அவர் குடும்பத்தோடு ஒன்றாகவே கலந்துவிட்டது. வீட்டு வேலை செய்து வந்த அம்மாக்கண்ணு என்ற ஸ்திரீயின் பெயரில் பாரதியார் ஒரு பாட்டே எழுதியிருக்கிறார். சென்னையிலிருந்து பரலி சு. நெல்லையப்பர், கையில் இருந்த சொற்பப் பணத்தைப் போட்டு, 1917-இல் கண்ணன் பாட்டு முதலியவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். அவரைப் பாரதியார் தம்பி என்றே அழைத்தார். உடன் பிறந்த தம்பிகளில் எத்தனை பேர் அண்ணன் எழுதியதை அச்சிட்டிருக்கிறார்கள்?

1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். டிசம்பர் 11-ஆம் தேதி, முப்பத்தாறு வயது நிறைந்த தினம், சிறையிலேயே கழிந்தது. ஆனால் வெளியே அன்னி பெஸண்ட் அம்மையாரும் ஸர் சி. பி. ராமஸ்வாமி ஐயரும் சுதேசமித்திரன் ரங்கஸ்வாமி ஐயங்காரும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய முயற்சியால் அதே டிசம்பர் மாதத்தின் நடுவில் விடுதலை கிடைத்தது. அந்த வருஷம் முடிவதற்குள் அவர் மனைவியின் ஊராகிய கடையத்தை அடைந்தார்.

1921-இல் திருவல்லிக்கேணிக் கோவில் யானை அவரைத் தள்ளியபோது, அதன் காலடியில் பாய்ந்து அவரைத் தூக்கி வந்தவர் குவளைக் கண்ணன் என்று செல்லமாக அழைக்கப்பட்ட கிருஷ்ணமாச்சாரியார். எல்லோரும் எட்ட நின்றபோது ஒரு சிநேகிதர் யானைக்கு முன்னால் போனார். சிநேகிதம் என்றால் என்ன என்று அகராதியில் பார்க்க வேண்டியதில்லை.

இவர்கள் எல்லோரையும் எண்ணிய பிறகு, கடைசி விரலாக ஒன்றை மடக்காமல் வைத்திருந்தோம். அது செல்லம்மாளுக்காக. அடுத்த வேளைச் சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் கணவர் சிட்டுக் குருவிகளுக்கு இறைத்து விட்டார் என்ற கதையைக் கேட்டு நாம் எல்லோரும் மெய் சிலிர்க்கிறோம். கவிஞரின் கருணையே கருணை! ஆனால் குருவிகள் தின்று பறந்த பிறகு, அடுத்த வேளை அரிசிக்கு எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது என்று யோசித்தவள் யார்? குழந்தைகள் தங்கம்மாளுக்கும் சகுந்தலாவுக்கும் பசி தெரியாமல் பார்த்துக் கொண்டவள் யார்? ஏழு வயதில் கை பிடித்து, முப்பத்தொன்றில் கணவரை இழந்து, 1955 வரையில் உயிரோடிருந்த அந்த அம்மாளின் பங்கை நாம் எந்தப் பேரேட்டில் எழுதுவது?

காலம் கடந்த நன்றி

பிறந்த வீட்டிலிருந்து மணி மண்டபத்துக்கு நடந்தோம். நேயர்களில் வயதானவர்கள் அது எழும்பிய கதையை வீட்டில் சொல்லக் கேட்டிருப்பார்கள். பாரதியார் பிறந்த ஊரில் அவருக்கு ஒரு ஞாபகச் சின்னம் வேண்டுமென்று 'கல்கி' தமது பத்திரிகையில் எழுதினார். சிறு நிதியாகத் தொடங்கியது. ஒன்றும் இரண்டும் ஐந்துமாக வாசகர்கள் அனுப்பிப் பெருக்கி விட்டார்கள். 1945 ஜூன் மாதத்தில் ராஜாஜி அஸ்திவாரக் கல் நாட்டினார். 1947 அக்டோபரில், சுதந்திரம் வந்த இரண்டாவது மாதத்தில், மேற்கு வங்காளக் கவர்னராக இருந்த அவரே வந்து திறந்து வைத்தார். அந்த மண்டபம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. 1949-இல் சென்னைச் சர்க்கார் பாரதியார் நூல்களின் உரிமையை வாங்கினார்கள். பிறகு அவை பொது ஜனங்களின் சொத்தாயின. ஒரு கவிஞருக்கு ஒரு நாடு இப்படி நன்றி செலுத்தியது பெருமைக்குரிய விஷயந்தான்.

ஆனாலும் மண்டபத்து நிழலில் நின்றபோது இன்னொரு ஞாபகம் வந்து நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. 1919-இல் கடையத்தில் வறுமையில் இருந்த பாரதியார், எட்டயபுரம் மன்னருக்குக் கவிதையிலேயே ஒரு விண்ணப்பம் எழுதினார். பலிக்கவில்லை. 1920-இல் தம்முடைய நூல்களை எல்லாம் நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதியாக அச்சிட வேண்டுமென்று ஒரு திட்டம் போட்டார். நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, ஆளுக்கு நூறு ரூபாய் கேட்டார். தானமாகவா கேட்டார்? இல்லை, வட்டியுடன் திருப்பித் தருகிறேன் என்று கடனாகவே கேட்டார். பணம் வரவில்லை. புத்தகங்களும் வரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிறைவதற்கு முன்பே அவர் காலமானார். மயானம் வரை கூடப் போனவர்கள் மிகச் சிலர்.

1920-இல் வராத ரூபாய் 1945-இல் வெள்ளமாக வந்தது. கொடுத்த ஜனங்கள்மேல் குற்றம் இல்லை. அவர்களில் பலர் 1920-இல் பிறந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் நன்றிக்கும் கரிசல் விதைப்பைப் போல ஒரு காலம் இருக்கிறது. ஈரம் காய்ந்த பிறகு எத்தனை மூட்டை விதையைக் கொட்டினால் என்ன? மண்டபம் கட்டலாம், கட்டத்தான் வேண்டும். ஆனால் யாருக்காகக் கட்டுகிறோமோ அவர் அதைப் பார்க்க மாட்டார்.

மொய் நோட்டும் வள்ளுவரும்

இந்த யோசனையோடேயே அத்தையின் ஊருக்குப் போகும் சிற்றூர் பஸ்ஸைப் பிடித்தோம். வழியில் ஒரு கல்யாண வீடு. வாசலில் மேஜை போட்டு இருவர் உட்கார்ந்து மொய் எழுதிக் கொண்டிருந்தார்கள். இன்ன ஊர், இன்னார், இவ்வளவு என்று நோட்டில் ஏறுகிறது. அவர் வீட்டில் கல்யாணம் வரும்போது நோட்டைப் புரட்டி, பார்த்துச் செய்ய வேண்டும். வாங்கியதை மறக்கக் கூடாது என்பதற்கு நம் முன்னோர் செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் மொய் நோட்டில் ஏறாத மொய்கள் எத்தனை! ஜுரத்தில் கிடந்தபோது கஞ்சி கொண்டு வந்தவள், பரீட்சையில் தோற்றபோது தோளில் கை போட்டு ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனவன், நாம் பேசிய கடுஞ்சொல்லைக் கேட்டும் மறுநாள் வழக்கம்போல் காப்பி கொண்டு வந்து வைத்தவள் - இவர்கள் பெயரை எந்த மேஜையில் யார் எழுதி வைக்கிறார்கள்?

திருவள்ளுவர் அதிகாரங்களை அடுக்கியிருக்கும் முறையைப் பாருங்கள். செய்ந்நன்றி அறிதலை அவர் அரசியலில் வைக்கவில்லை; துறவறத்திலும் வைக்கவில்லை; இல்லறத்தில் வைத்தார். முதலில் வாழ்க்கைத் துணை, அடுத்து மக்கட்பேறு, பிறகு அன்பு, விருந்து, இனிய சொல். இவ்வளவும் ஆன பிறகு பதினோராவது அதிகாரமாகச் செய்ந்நன்றி. வீட்டில்தான் நன்றி தொடங்க வேண்டும் என்பது போல் அல்லவா இருக்கிறது? நாமோ பஸ்ஸில் இடம் கொடுத்த அந்நியருக்கு உடனே நன்றி சொல்கிறோம். வீட்டில் இருப்பவளுக்குச் சொல்ல நாக்கு எழுவதில்லை.

யாருடைய வளையல்?

அத்தை திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் பாசிப் பயறு புடைத்துக் கொண்டிருந்தாள். கண் சற்று மங்கல். காது இன்னும் மங்கல். நம்மை அடையாளம் கண்டு கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்டு கொண்டதும் முதலில் கேட்டது, "சாப்பிட்டியாய்யா?" என்றுதான்.

சாப்பிட்டு முடிந்ததும், வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னோம். "அத்தை! நீ இல்லாவிட்டால் நான் படித்திருக்க மாட்டேன். உனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்."

அத்தை புறங்கையால் நமது நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்ன ராசா, மேலுக்கு முடியலையா?" என்றாள்.

தமிழ்க் குடும்பத்தில் நன்றி என்ற வார்த்தைக்குள்ள மதிப்பு இவ்வளவுதான்! இதை எதிர்பார்த்தே வந்திருந்தபடியால் நாம் விடவில்லை. பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சைக்குப் பணம் கட்ட வழி இல்லாதபோது அவள் தன் கை வளையலை அடகு வைத்ததை ஞாபகப்படுத்தினோம்.

"யாரோட வளையல்?" என்று கேட்டாள் அத்தை.

"உன்னுடையதுதான்."

வெகு நேரம் யோசித்தாள். அவளுக்கு நினைவே இல்லை. அந்த ஒரு வளையலை நாற்பது வருஷமாக நெஞ்சில் சுமந்து கொண்டிருந்தோம் நாம். அதை அவள் கழற்றிக் கொடுத்த அன்றே மறந்து விட்டிருந்தாள். கொடுத்தவள் மறந்தாள், வாங்கியவன் மறக்கவில்லை. அப்படித்தானே இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் நம்மை நாமே மெச்சிக் கொண்டோம்.

அந்தச் சமயத்தில் அத்தையின் முகம் மலர்ந்தது. "ஆமாமா! வளையலுக்குக் கிடைச்ச பணம் காணலையே! மிச்சத்தை எதிர்த்த வீட்டுக்காரி கொடுத்தா. தீப்பெட்டி ஒட்டிச் சேத்து வச்சிருந்த காசு. தேதி தப்பிப் போகும், பிள்ளையை அனுப்புன்னு அவதான் விரட்டினா. அவகிட்ட சொன்னியா?"

நாம் எதிர் வீட்டைத் திரும்பிப் பார்த்தோம். கதவு பூட்டியிருந்தது.

"அவ போய் ரெண்டு வருசம் ஆச்சு" என்றாள் அத்தை.

நேயர்களே, அந்த நிமிஷத்தில் நமது முகம் எப்படி இருந்திருக்கும் என்று வர்ணிக்கப் போவதில்லை. எட்டயபுரத்து மண்டபத்தில் நின்று, 1920-இல் நூறு ரூபாய் கொடுக்காதவர்களைப் பற்றிக் காலையில் நாம் பெருமூச்சு விட்டோம் அல்லவா? மாலையில் அதே பாக்கி நமது பெயரிலேயே எழுதியிருக்கக் கண்டோம். "இந்த வருஷம் வருகிறேன்" என்று முதல் தடவை சொன்னபோதே வந்திருந்தால், அந்த அம்மாள் அந்த வாசலில் உட்கார்ந்திருப்பாள். ஒரு வேளை அவளும் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலா?" என்று கேட்டிருப்பாள். கேட்டால் என்ன? கேட்கும்படியாக ஒரு தடவை சொல்லியிருப்போம்.

அவளுடைய மகன் பக்கத்துச் சாலையில் தேநீர்க் கடை வைத்திருப்பதாக அத்தை சொன்னாள். இருட்டுவதற்குள் போய்ப் பார்த்தோம். அவனுக்கு இந்த விஷயமே தெரியாது. முழுக் கதையையும் சொன்னோம். கேட்டுவிட்டு, அடுப்பைச் சற்று நேரம் பார்த்துக் கொண்டு நின்றான். பிறகு, "எங்க அம்மாவைப் பத்தி இப்படி ஒருத்தரும் எங்கிட்ட சொன்னதில்லை" என்றான். தேநீருக்குக் காசு வாங்க மறுத்து விட்டான். ஆக, பாக்கி இன்னும் கொஞ்சம் ஏறிற்று!

போகிக்கு முன்னால்

இனி நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இவ்வருஷம் முடிவதற்குள் வீட்டில் எல்லோரும் ஒரு மாலைப் பொழுது சேர்ந்து உட்காருங்கள். குழந்தைகளையும் கூட வைத்துக் கொள்ளுங்கள். நமக்குக் கை கொடுத்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பெரியவர்கள் சொல்லச் சொல்லக் குழந்தைகள் எழுதட்டும். அவர்கள் கேட்டே இராத பெயர்கள் பல வரும். உயிரோடிருப்பவர்களுக்கு நேரே நல்ல வெள்ளைத் தாளில் ஒரு கடிதம் எழுதுங்கள்; கூடுமானால் நேரில் போய்ப் பாருங்கள். அதற்கென்றே நம் முன்னோர் காணும் பொங்கல் என்று ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சூரியனுக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள், மனிதர்களைக் கண்டு வர ஒரு நாள். காலமாகி விட்டவர்களுக்கு அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

போகியன்று பழையதை எல்லாம் கொளுத்தலாம். ஆனால் அந்தத் தாளை மட்டும் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் திரும்பி வரும்போது கரிசல் காடு பனியில் நனைந்து கிடந்தது. மழை பெய்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. மேலே மண் காய்ந்து வெளுத்திருந்தது. பஸ் நின்ற இடத்தில் இறங்கி, ஒரு கட்டியைப் பெயர்த்துக் கையில் எடுத்துப் பார்த்தோம். உள்ளே ஈரம் அப்படியே இருந்தது.